சந்தனம் தின்ற ரிவோல்வர்

பதுளையிலிருந்து பசறை வழியாக நமுனுகுலைக்கு ஏறும் பாதையில் பஸ்ஸையும் லொறியையும் எருமையையும் தோட்டத்துத் துரையையும் கையைத் தூக்காமலே நிறுத்தக்கூடியவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் ஜெனரல். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்தது. சம்பளப் பட்டியலில் நானே அதைப் பல வருடங்கள் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார்.

ஜெனரல் எந்த இராணுவத்திலும் இருந்தவரல்ல. எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் காவல்காரர். நான் அதே தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். காக்கிக் கோட்டு, காதுவரை இழுத்துவிட்ட குரங்குக் குல்லா, அதற்குக் கீழே இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு நிற்கும் மீசை. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்த ஒரு லொறி டிரைவர் விளையாட்டாக சல்யூட் அடித்து வைத்த பெயர் அது. ஜெனரல் அந்த சல்யூட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பதிலுக்குத் தானும் ஒன்று அடித்துவிட்டு, லொறியைத் திறந்து சோதனை போட்டார்.

அவருடைய கோபத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மழையோடு சண்டை போட்ட மனிதரை நான் அவருக்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை. நனைந்துகொண்டே வானத்தைப் பார்த்து நியாயம் கேட்பார். கோபம் வந்துவிட்டால் கையில் என்ன இருக்கிறதோ அது பறக்கும். ரேடியோவில் இன்று மழை இல்லை என்று சொல்லி, வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டியபோது ரேடியோ பறந்தது. குழம்பில் உப்பு இல்லாத அன்று சட்டி பறந்தது. பத்து நிமிடத்தில் கோபம் இறங்கிவிடும். பிறகு தேயிலைக்குள் இறங்கி அந்தச் சட்டியைத் தேடி எடுத்து, துடைத்து, "கோவிச்சுக்காத" என்று சட்டியிடம் மன்னிப்புக் கேட்பார். அவருடைய மனைவி மாரியாயி அக்காவிடம் தனியாக ஒரு முறை கேட்பார்.

இப்படிப்பட்ட மனிதர் கையில்தான் ஒரு ரிவோல்வர் வந்து சேர்ந்தது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் எங்கள் கடைசி வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டினார். வயதானவர், இளமையில் யுத்தத்துக்குப் போய் வந்தவர். புறப்படும்போது பங்களாச் சாமான்களை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பெரிய கிளாக்கருக்கு கிராமபோன், சமையல்காரருக்கு நாய், தோட்டக்காரருக்குக் குளிக்கும் தொட்டி. ஜெனரலின் முறை வந்ததும், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஜெனரல் யோசிக்கவே இல்லை. துரை தலையில் இருக்கிற தொப்பி வேண்டும் என்றார்.

துரை தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். கழற்றினார். மறுபடியும் போட்டுக்கொண்டார். அதைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. உள்ளே போய், யுத்தத்தில் இடுப்பில் கட்டியிருந்த ரிவோல்வரைத் தோல் உறையோடும் ஆறு தோட்டாக்களோடும் கொண்டுவந்து நீட்டினார். தொழிற்சாலைக் காவலுக்கென்று லைசன்ஸுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுக் கார் ஏறினார். மற்றவர்களாக இருந்தால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பார்கள். ஜெனரலுக்கு அது கடைசிவரை ஒரு மனக்குறை.

"தொப்பி கேட்டேன் தம்பி. துவக்கக் குடுத்துட்டுப் போய்ட்டாரு மனுசன்."

ஆபீஸ் வாசலில் நின்றால் அவர் என்னை 'ஐயா' என்பார். தோட்டத்து ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தினால் நான் 'தம்பி'யாகிவிடுவேன். என்னைவிட எட்டொன்பது வயது மூத்தவர். நான் எங்கே இருந்தாலும் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன். மாதா மாதம் தோட்டத்துச் சம்பளப் பணத்தை பதுளையில் இருக்கும் வங்கியிலிருந்து கொண்டுவருவது எங்கள் இருவருடைய வேலை. பை என் மடியில், ரிவோல்வர் அவர் இடுப்பில். பையைப் பற்றி எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. என் பயமெல்லாம் பக்கத்தில் இருந்த ஆளுடைய கோபத்தைப் பற்றியதுதான்.

முதல் வருடம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் அது பெரிய விசேஷம். யந்திரங்களைக் கழுவி மாலை போட்டு, தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் கத்தி, மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு, தச்சருடைய உளி எல்லாவற்றையும் பலகையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்போம். ஜெனரல் சிவப்புத் துணியில் சுற்றிய ரிவோல்வரைக் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தார். பூசாரி அதன் கைப்பிடியில் பொட்டு வைக்கக் குனிந்தார். ஜெனரல் அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, சந்தனத்தைச் சுண்டுவிரலில் வழித்து, ரிவோல்வரின் வாய்க்குள் விட்டுத் திணித்தார்.

பூசாரி திகைத்துப்போனார். பொட்டு என்றால் வெளியேதான் வைக்க வேண்டும் என்றார்.

"கத்திக்கு வாய் கெடயாது சாமி. இதுக்கு இருக்கு. வாய் உள்ளது சாப்புடணும்ல?" என்றார் ஜெனரல்.

தொழிற்சாலையே சிரித்தது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் பூஜை முடிந்ததும் மிஞ்சின சந்தனம் முழுவதும் ரிவோல்வருக்குத்தான். வயிறு நிறைஞ்சிருச்சா என்று அதைக் கேட்பார். நாங்கள் சுற்றி நின்று சிரிப்போம். சிரித்தவர்களில் ஒருவருக்குக்கூட, அதன்பிறகு அந்த வாய் வழியாக வேறு ஏதாவது வெளியே வருமா என்று யோசிக்கத் தோன்றவில்லை. கணக்கில் புலி என்று பெயரெடுத்த எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த சித்திரையில் எங்கள் மாரியம்மன் கோயில் உண்டியலைத் திறந்தார்கள். சில்லறைக்கும் கசங்கிய நோட்டுக்கும் நடுவில் ஆறு தோட்டாக்கள் இருந்தன. கோயில் கமிட்டி அந்த இடத்திலேயே ஆட்டம் கண்டது. தலைவரும் செயலாளரும் பொருளாளரும் ஆளுக்கு இரண்டாக எண்ணிப் பார்த்து, இது தங்களுக்கு வந்த மிரட்டல் என்று முடிவு செய்து அன்று மாலையே இராஜினாமா செய்தார்கள். ஜெனரல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து தோட்டாக்களைக் குனிந்து பார்த்தார். அம்மனுக்கு யாரோ நேர்ந்துகிட்டிருக்கான், எடுத்தா கண்ணு போயிரும் என்று சொல்லிவிட்டுப் போனார். புதிய கமிட்டி பயந்துபோய் அவற்றைப் பதுளை ஓயா ஆற்றில் கொண்டுபோய் விட்டது. உங்களுடையதா என்று அவரிடம் கேட்டுப் பார்த்தேன். துரை கொடுத்ததெல்லாம் பத்திரமான இடத்தில் இருக்கிறது என்றார். நம்பினேன்.

வங்கியில் இன்னொரு தொல்லை. துவக்கோடு உள்ளே வரக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஜெனரலுக்கு மீசை துடித்தது. நான் அவரை எதிர்ப்பக்கத்துத் துணிக்கடைக்கு இழுத்துப்போனேன். கடைக்காரரை எல்லோரும் நானா என்போம், நல்ல மனுஷர். துவக்கை, இடுப்பில் கட்டுகிற ஒரு புதுச் சாரத்தில் சுற்றி சாரக் கட்டுகளுக்கு அடியில் வைத்துக்கொள்வார். நாங்கள் வங்கிக்குப் போய் வந்து எடுத்துக்கொள்வோம். சில வருடங்கள் இப்படியே போயிற்று.

ஒரு தீபாவளிக்கு முந்திய நாள் நாங்கள் பையோடு திரும்பி வந்தபோது நானா கல்லாவுக்குப் பின்னால் வெளிறிப்போய் நின்றார். கடையில் கூட்டமான கூட்டம். அவருடைய மச்சான் அந்தச் சாரத்தையும் சேர்த்து விற்றுவிட்டார். வாங்கியவர் மடுல்சீமைக்காரர், அவர் ஏறிய பஸ் போய்விட்டது. ஜெனரல் கோபப்படுவார் என்று நான் நானாவின் கத்தரிக்கோலை அப்பால் நகர்த்தி வைத்தேன். அவர் கோபப்படவில்லை. என் பேச்சுக்குக்கூட நிற்காமல் ஜீப்பில் ஏறினார். அவர் முகத்தில் அப்போது இருந்தது பயம். அதை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

பசறையில் பஸ்ஸைப் பிடித்தோம். அந்த மடுல்சீமைக்காரர் கடைசி சீட்டில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் கைபடாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வழியில் பிரித்துப் பார்த்திருக்கிறார். அதன்பிறகு இறங்கவும் துணிவில்லை, சத்தம் போடவும் துணிவில்லை. ஜெனரல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மரியாதையாகப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்.

"சாரம் எனக்குப் புடிச்சிருக்குங்க," என்றார் அந்த மனிதர் மெதுவாக. "உள்ள இருந்ததுதான் வேணாம்."

ஜெனரல் துவக்கை எடுத்துக்கொண்டு சாரத்தை அவரிடமே கொடுத்தார். திரும்பும் வழியில், அது யார் கையிலாவது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் புலம்பினேன். ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் கழுவியிருப்பான் என்றார் அவர். எனக்கு அதுவும் விளங்கவில்லை.

வழிப்பறிக்காரர்களும் ஒருமுறை வந்தார்கள். மேல் வளைவில் ஒரு நிழல் மரத்தை வெட்டிப் பாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டு இரண்டு பேர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு கத்தியோடு நின்றார்கள். நான் பையைக் கட்டிக்கொண்டு ஜீப்புக்குள் குனிந்துவிட்டேன். ஜெனரல் இறங்கினார். கை இடுப்புக்குப் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. வெட்டின மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து திட்ட ஆரம்பித்தார். நல்ல மரத்தை இப்படியா வெட்டுவது, அடியில் வெட்டாமல் இடுப்பில் வெட்டியிருக்கிறாயே, உனக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் யார், இதன் நிழலில் இருக்கும் தேயிலை வெயிலில் கருகினால் உன் அப்பனா வந்து தண்ணீர் ஊற்றுவான். அவர்களுடைய பரம்பரை முழுவதும் வந்து போனது. கடைசியில் அந்த இரண்டு பேரும் முகத்துத் துணியை அவிழ்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தாங்கள் வெட்டின மரத்தைத் தாங்களே துண்டு போட்டு ஓரத்தில் அடுக்கினார்கள். விறகு நன்றாக அடுக்கவில்லை என்று அதற்கும் திட்டு வாங்கினார்கள்.

ஜீப் கிளம்பியதும், துவக்கைக் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்குமே என்று கேட்டேன்.

"துவக்க எடுத்தா பேச்சு முடிஞ்சிரும் தம்பி. நான் இன்னும் பேசி முடிக்கலியே," என்றார்.

இனிச் சொல்லப்போவதில் சிரிப்பு கொஞ்சம் குறைவு.

தமிழர் வீடுகளெல்லாம் எரிந்த ஒரு கெட்ட காலம் வந்தது. எந்தக் காலம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்க் கிராமத்திலிருந்து எங்களுக்குப் பாண் ரொட்டி கொண்டுவரும் சிங்களப் பெரியவர் மூச்சு வாங்க ஓடிவந்து, லொறியில் ஒரு கூட்டம் வருகிறது, லயத்து வீடுகளைக் கொளுத்தப் போகிறார்கள், மேலே ஏறி ஒளிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டப்பகல். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்தோம். எனக்குப் பக்கத்தில் மாரியாயி அக்கா முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெனரல் மட்டும் வரவில்லை. கோயிலிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், தோட்டத்துக்குள் வரும் சின்னப் பாலத்தின் நடுவில் போட்டு, குல்லாவைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார். ரிவோல்வரை உறையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் அக்காவுக்குத் தைரியம் சொன்னேன். "பயப்படாதீங்கக்கா. அண்ணங்கிட்ட துவக்கு இருக்கு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. பயத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

லொறி பாலத்துக்கு முன்னால் நின்றது. கம்பும் கத்தியும் மண்ணெண்ணெய்க் கலனுமாக முப்பது நாற்பது பேர் குதித்தார்கள். ஜெனரல் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே நல்ல சிங்களத்தில், கோபமே இல்லாமல் பேசினார். மேலே இருந்த எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எல்லோரும் உள்ளே போகலாம், தடையில்லை. ஆனால் இதில் ஆறு பேருக்குத்தான் இருக்கிறது. அந்த ஆறு பேர் யார் என்று நீங்களே பேசி முடிவு செய்துகொண்டு, அவர்களை முன்னால் அனுப்புங்கள். மற்றவர்கள் பிறகு வரலாம்.

கூட்டம் உண்மையிலேயே பேசியது. முதலில் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். அவர் வேறொருவரைக் காட்டினார். கூட்டிவந்தவன் நீதானே, நீ முன்னால் போ என்றது ஒரு குரல். எனக்குக் கலியாணம் வைத்திருக்கிறது என்றது இன்னொன்று. வாக்குவாதம் முற்றி இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெனரல் அவசரமில்லை என்பதுபோல் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். கடைசியில் லொறி பின்பக்கமாகவே ஊர்ந்து திரும்பிப் போனது. எங்கள் லயத்தில் ஒரு தகரம்கூடச் சூடாகவில்லை. அவர் நாற்காலியைக் கொண்டுபோய்க் கோயிலில் வைத்துவிட்டு, அம்மன் நாற்காலியில் சேறு பட்டுவிட்டதே என்று அதற்காகத்தான் கோபப்பட்டார்.

பிறகு காலம் மாறியது. சம்பளம் வேறு வழியாக வர ஆரம்பித்தது. எங்கள் ஜீப் பயணம் நின்றது. நான் ஓய்வு பெற்று பதுளைக்கு வந்துவிட்டேன். ஜெனரல் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்கு வந்து, பஸ் கொண்டக்டரோடு போட்ட சண்டையை ஒரு வரி விடாமல் எனக்குச் சொல்லிவிட்டுப் போவார். லைசன்ஸ் விஷயத்தில் மட்டும் அவர் ஒரு விநோதம் செய்தார். வருடா வருடம் காகிதத்தைத்தான் நீட்டுவார். துவக்கை உறையைவிட்டு எடுக்கமாட்டார், ஒரு பொலிஸ்காரரையும் தொடவிடமாட்டார். பூஜைக்குப் போகிற சாமான், கண்டவர்கள் தொடக்கூடாது என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அந்தப் பேச்சை முழுவதும் கேட்பதைவிடச் சீல் குத்திக் கொடுப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

போன வருடம் ஜெனரல் போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த அன்று மாரியாயி அக்கா அந்தச் சிவப்புத் துணிப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"கிளாக்கர் தம்பிக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. ஆயுத பூஜைக்குப் பலகையில மொதலாவதா வச்சு, வாய்ல சந்தனம் வைக்கணுமாம். சுத்தம் கித்தம் பண்ண வேணாம்னாரு."

வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாழ்நாளில் பட்டாசுத் திரிகூடக் கொளுத்தாதவன் நான். அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அரிசிப் பெட்டிக்குள் வைத்தேன். என் மனைவி அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சோறு ஆக்குவது நின்றது. கடை இடியாப்பம்தான். அது வீட்டுக்குள்ள இருந்தா நா வெளிய இருப்பேன் என்றாள். லைசன்ஸ் ஆளோடு முடிந்துவிடும், இனி அதை வைத்திருந்தால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று சந்தையில் ஒருவர் சொன்னார். பொலிஸில் கொடுத்தால் உருக்கிவிடுவார்கள் என்று இன்னொருவர் சொன்னார். ஒன்று நான் சிறைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஜெனரலுக்குக் கொடுத்த வாக்கு போக வேண்டும். பூஜையோ நெருங்கிக்கொண்டிருந்தது. இடியாப்பத்தைத் தின்றுகொண்டே யோசித்து, கடைசியில் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பொலிஸுக்குப் போனேன்.

ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு சார்ஜன் பொட்டலத்தைப் பிரித்தார். பழைய துவக்குகளில் பிரியமுள்ளவர். இந்த மாதிரியைப் படத்தில்தான் பார்த்திருப்பதாகச் சொல்லி ஆசையோடு தடவினார். குண்டு இருக்கிறதா என்று பார்க்க உருளையைத் திறந்தார். வரவில்லை. எண்ணெய் விட்டு, தட்டி, நெம்பினார். திறந்துகொண்டது. மேசைமேல் மஞ்சளாகப் பொடி கொட்டியது. அறை முழுவதும் கோயில் வாசம் அடித்தது.

"ஐயா, இது என்ன?" என்றார் அவர் தமிழில்.

ஒரு கம்பியை எடுத்துக் குழாயின் வாய்க்குள் விட்டார். கொஞ்சம் போய் நின்றுவிட்டது. கல்லாக இறுகியிருந்தது. உருளையில் தோட்டா போடும் ஆறு குழிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆறிலும் சந்தனம். விளிம்புவரை நிரப்பி, மேலே விரலால் தடவிச் சமப்படுத்தியிருந்தது. அடியில் இருந்தது நிறம் செத்து மண்ணாகியிருந்தது. இது இன்று நேற்று அடைத்ததல்ல, அடைத்த பிறகு ஒருமுறைகூட இதைச் சுட்டிருக்க வழியில்லை என்றார் சார்ஜன்.

ஆறு பேருக்குத்தான் இருக்கிறது என்று பாலத்தில் சொன்ன குரல் எனக்குக் கேட்டது. அங்கேயிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அந்த மனிதர் மடியில் ஒரு சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. பொலிஸ் நிலையத்தில் யாரும் அடிக்காமலே அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சார்ஜன் தண்ணீர் கொடுத்தார். பயந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், நன்றாகச் சுத்தம் செய்து, பரிசோதித்து, மேலே அறிக்கை அனுப்புவோம் என்று சொல்லிக்கொண்டே கம்பியை மறுபடியும் எடுத்தார்.

"சார், சந்தனத்த எடுக்காதீங்க," என்றேன். "துவக்க என்ன வேணும்னாலும் செய்ங்க. அத மட்டும் எடுக்காதீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பாலத்துக் கதையை முழுவதும் சொன்னேன். கேட்டு முடித்தவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, பொட்டலத்தைக் கட்டி உள்ளே கொண்டுபோனார். திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார்.

அதற்குப் பிறகு பூஜைவரைக்கும் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. போய்ப் போய்க் கேட்டேன். பெரியவர் இன்னும் பார்க்கவில்லை என்பார்கள். பார்த்துவிட்டார், கடிதம் போயிருக்கிறது என்பார்கள். வீட்டில் சோறு ஆக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத்தான் இறங்கவில்லை. பூஜைக்கு முதல் நாள் சார்ஜன் கூப்பிட்டு அனுப்பினார். சுடும் சுத்தியலையும் தோட்டாவைக் குத்தும் முள்ளையும் அறுத்து எடுத்தாயிற்று, இனி இது வெறும் இரும்பு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பொட்டலத்தை நீட்டினார்.

"சுத்தம் பண்ணித்தான் குடுக்கச் சொன்னாங்க," என்றார். "நான் வெளியில மட்டும் தொடச்சேன்."

அன்று மாலை நான் நேரே வீட்டுக்குப் போகவில்லை. எல்ல என்ற ஊருக்கு பஸ் ஏறி, அங்கே ஒரு சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். தொழிற்சாலையில் யந்திரங்களுக்கு மாலை போட்டிருந்தார்கள். வாசலில் மூச்சில்லு ஆட்டோக்கள் குங்குமத்தோடு வரிசையாக நின்றன. பலகையில் முதல் இடத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தார்கள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் மாரியாயி அக்கா சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் சிவப்புத் துணியை விரித்தேன். திறந்து கிடந்த உருளையின் குழிகளைப் பார்த்ததும், எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"துவக்கு வந்த அன்னைக்கே மனுசனுக்குப் பயம் புடிச்சிருச்சு தம்பி," என்றார். "எனக்குக் கோவம் வந்தா கையில இருக்கிறது பறக்கும், இது பறந்தா திரும்பத் தேடி எடுக்க முடியாதுன்னாரு. தோட்டாவ உண்டியல்ல போட்டாரு. அப்பயும் தூக்கம் வரல. சந்தனத்த எடுத்து அடச்சாரு. அதுக்கப்புறந்தான் தூங்குனாரு."

பாலத்தில் உட்கார்ந்தாரே அக்கா என்றேன்.

"அதுல ஒண்ணுமில்லேன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒண்ணு அவரு. இன்னொண்ணு நானு. நீங்க பக்கத்துல ஒக்காந்து, அண்ணங்கிட்ட துவக்கு இருக்குன்னு சொல்றீங்க."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்துக்கொண்டேன்.

பூசாரி இப்போது அவருடைய மகன். பொட்டு வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்று என்னைக் கேட்டார். கிண்ணத்தை வாங்கி, சந்தனத்தைச் சுண்டுவிரலில் வழித்து, சார்ஜனின் கம்பி தோண்டியிருந்த அந்தச் சின்னப் பள்ளம் நிரம்பும்வரை திணித்தேன். வயிறு நிறைஞ்சிருச்சா என்று அவரைப் போலவே அதைக் கேட்டேன்.

பிறகு பையைத் திறந்து, எல்லவில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கிற கடையில் வாங்கிய தொப்பியை எடுத்து ரிவோல்வருக்குப் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் கேட்டது இதைத்தானே அண்ணே, கொஞ்சம் தாமதமாகிவிட்டது.